பிபியானா உயர்த்தும் கை

ஏப்ரல் பிறந்துவிட்டால், அடுப்பில் ரொட்டி வேகும் நேரத்தில் பிபியானா மாவு படிந்த வலது கையைத் தலைக்கு மேல் தூக்கி நூறு வரை எண்ணுவார். மாவு மூக்குக்கண்ணாடியில் உதிரும். வயது எண்பத்தொன்று. ஏப்ரல் கடைசி ஞாயிறு அப்பென்செல் ஊர்ச் சதுக்கத்தில் எல்லோரும் கூடிக் கைதூக்கி ஓட்டுப் போடும். அன்று கை நடுங்கக் கூடாதாம்.

ஓட்டுப் போடுபவர்கள் நிற்கும் கயிற்று வளையத்துக்குள் பெண்கள் முதன்முதலாக நுழைந்தது 1991, ஏப்ரல் 28. அன்று பிபியானா வேண்டும் என்பவர்களோடும் கை தூக்கினார், வேண்டாம் என்பவர்களோடும் தூக்கினார். பக்கத்தில் நின்ற ஒட்டிலியா பாவாடையைப் பிடித்து இழுத்தார்.

"விடுடி, நாப்பத்தெட்டு வருஷமா மடக்கி வெச்ச கை. ஒரே தடவையில அடங்குமா?"

ஒட்டிலியா மலைமேல் மாட்டுப் பண்ணை வைத்திருப்பவர். மூன்று வயது மூத்தவர். உயரத்தில் பிபியானாவின் தோளுக்குத்தான் வருவார். பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டுப் பிபியானா கையெழுத்து வாங்கிய வருடங்களில் ஊரே அவர் ரொட்டிக்கடையை ஒதுக்கியது. சனிக்கிழமைதோறும் ஒட்டிலியா கூடையோடு இறங்கி வந்து, மிஞ்சியதையெல்லாம் வாங்கிப்போனார். கேட்டவர்களிடம், தன் பன்றிகளுக்குத் தேன்ரொட்டிதான் இறங்குகிறது என்றார். அந்தப் பன்றிகள் நடக்க முடியாமல் கொழுத்த கதையைச் சொல்லி இருவரும் இன்றும் கண்ணில் நீர் வரச் சிரிப்பார்கள். பிபியானா நன்றி என்று வாய்விட்டுச் சொன்னதில்லை. வியாழன்தோறும் தேன்ரொட்டியோடு மலையேறுவார்.

ஓட்டில் மட்டும் இருவரும் எதிரும் புதிரும். ஒருவர் கை ஏறும்போது மற்றவர் கை இறங்கியிருக்கும்.

இந்த வருடக் கேள்வி, மலைக்குப் பேருந்து விடலாமா என்பது. பிபியானாவின் முழங்கால் இப்போது பாதி வழியிலேயே மக்கர் செய்கிறது. பேருந்து வராவிட்டால் வியாழக்கிழமைகள் முடிந்தன. ஒட்டிலியாவோ, ஹாரன் சத்தத்தில் மாடுகள் மிரளும் என்று ஒரே பிடிவாதம்.

"என்னைவிட உனக்கு மாடு பெருசாடி?"

"மாடு பாலாவது குடுக்குது. நீ வந்தா என் காபியைக் குடிச்சுட்டுப் போற."

இப்போதெல்லாம் வருடத்துக்கு ஒருமுறை, ஓட்டுக்காக மட்டும், ஒட்டிலியா மருமகனின் டிராக்டரில் இறங்கி வருவார். இந்த முறையும் வந்தார். பேருந்து வேண்டும் என்பவர்களைக் கேட்டதும் பிபியானாவின் கை கம்பம்போல நின்றது. அடுத்து, வேண்டாம் என்பவர்கள். பால் கறந்தே தேய்ந்துபோன ஒட்டிலியாவின் கை காது வரை ஏறி, அங்கேயே நின்றுவிட்டது. முன்னால், ஓட்டுரிமையின் பழைய அடையாளமான வாளை இடுப்பில் செருகிய நெட்டையான ஆண்கள். மேடையிலிருந்து கைகளைக் கணிப்பவர்களுக்கு அது தெரிய வழியில்லை. ஒட்டிலியா உதட்டைக் கடித்தார். யாரிடமும் உதவி கேட்கவில்லை.

பின்னால் நின்ற தச்சர் கோன்ராட் சிரிக்கத் தொடங்கினார். "என்ன பிபியானாக்கா, மறுபடியும் ரெண்டு பக்கமுமா?"

"கண்ணைத் தொடைச்சுட்டுப் பாரு. இது அவ கைடா."

ஒட்டிலியாவின் முழங்கையைத் தாங்கி, அந்தக் கையைத் தலைகளுக்கு மேலே உயர்த்திப் பிடித்திருந்தார் பிபியானா.

"இன்னும் கொஞ்சம் உசத்துடி," என்றார் ஒட்டிலியா. "மேடைக்குத் தெரியாது."

பிபியானா அந்த முழங்காலோடு நுனிக்காலில் எம்பி நின்று, வாய்க்குள் நூறு வரை எண்ணத் தொடங்கினார்.