பிரிட்டோ பார்த்த படம்

வலது கையின் இரண்டு விரல்களை இடது மணிக்கட்டில் அழுத்தி, நாடி ஓடுகிறது என்று நிச்சயம் செய்துகொண்ட பிறகுதான் "எறக்கு" என்கிறார் பிரிட்டோ. மனைவி ஜூலியா உருளையின் கைப்பிடியைச் சுற்ற, கேபிள் நுனியில் கட்டிய கேமரா விளக்கு வெளிச்சத்தோடு ஆழ்துளைக் கிணற்றுக்குள் இறங்குகிறது. பிரிட்டோ ஸ்டூலில் உட்கார்ந்து, மடியில் திறந்து வைத்த பெட்டியின் சின்னத் திரையைப் பார்க்கிறார். கள்ளக்குறிச்சி சுற்றுவட்டாரத்தில் போரில் தண்ணீர் குறைந்தால், மோட்டார் உள்ளே சிக்கிக்கொண்டால், விவசாயிகள் கூப்பிடுவது இவரைத்தான்.

ஐம்பதைத் தாண்டியவர். சட்டைக்குள் அந்தோணியார் டாலர், சட்டைப்பையில் மாத்திரை அட்டை. திரையில் பாறை விரிசல் மெலிதாகத் தெரிந்து நிலத்துக்காரர் முகம் தொங்கிப் போனால், அவருக்குத் தைரியம் சொல்வதில் பிரிட்டோவை மிஞ்ச ஆளில்லை. "படத்தப் பாத்து பயந்துக்காதீங்கண்ணே. முடி கனம் விரிசல்லகூட ஜாஸ்தி தண்ணி வரும். மோட்டாரப் போட்டு வுடுங்க. வர்ற தண்ணிதான் கணக்கு." இதை அவர் சொல்லும்போது கேட்பவருக்கே ஒரு வாய் தண்ணீர் குடித்தாற்போல இருக்கும்.

இந்தத் தைரியத்தில் ஒரு துளியைக்கூடத் தனக்கென்று அவர் வைத்துக்கொள்ளவில்லை.

போன வருஷம் நடந்தால் நெஞ்சு கனத்தது. சேலத்தில் ஒரு மருத்துவமனையில் ஆஞ்சியோ எடுத்தார்கள். நினைவோடு படுத்திருந்த பிரிட்டோ, தன் இதயக் குழாய் ஓர் இடத்தில் இடுப்புபோலச் சுருங்கியிருப்பதைத் திரையில் பார்த்துவிட்டார். தொழில் புத்தி, பார்க்காமல் இருக்க முடியுமா? மருத்துவர் மெல்லிய கம்பி ஒன்றை உள்ளே விட்டு, அடைப்பைத் தாண்டி இரத்தம் எந்த அளவுக்குப் போகிறது என்று அளந்தார். போதுமான அளவு போகிறது, ஸ்டென்ட் வேண்டாம், மாத்திரை போதும், பயப்படாமல் நடங்கள், வேலை செய்யுங்கள் என்று அனுப்பிவிட்டார்.

சும்மா இருந்திருப்பார். ஆனால் அதே சமயத்தில் மணலூர்பேட்டைக் கரும்பு விவசாயி தெய்வசிகாமணிக்கும் அதே மாதிரி அடைப்பு. அவர் போன மருத்துவமனையில் குழாய்க்குள்ளேயே ஒரு நுண்கருவியை விட்டு, உட்சுவரைப் படமாகப் பார்த்து, ஸ்டென்ட் வைத்தார்கள். இரண்டுமே சரியான வழிதான், பெரும்பாலும் இரண்டிலும் நோயாளிகள் ஒரே மாதிரி நன்றாகத்தான் இருக்கிறார்கள் என்று பிரிட்டோவின் மருத்துவர் பொறுமையாகச் சொல்லிப் பார்த்தார். ஏறவில்லை.

"அவருக்குப் படம் பாத்து வேல செஞ்சாங்க. எனக்கு வெறும் கம்பிய வுட்டு அளந்துட்டு வூட்டுக்குப் போன்னுட்டாங்க. கேமராக்காரனுக்கே கேமரா இல்லைங்க சார்" என்கிறார், அவரைப் பற்றி எழுத வந்த என்னிடம். சிரிப்பு வரவில்லை எனக்கு.

"வர்ற தண்ணிதான் கணக்குன்னு ஊருக்கெல்லாம் சொல்றீங்களே?" என்று ஒருநாள் மடக்கினேன்.

"போரு போச்சுன்னா பக்கத்துல இன்னொண்ணு போடலாம். இது ஒண்ணுதான சார் இருக்குது?"

ஆஞ்சியோ எடுத்த நாளிலிருந்து அவர் ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்குவதில்லை. மேடு ஏறினால் பத்தடிக்கு ஒருமுறை நின்று நாடி பார்க்கிறார். உருளை, அதைத் தாங்கும் முக்காலி, கேபிள் எல்லாம் ஜூலியா தலையில். தையல் வேலை செய்துகொண்டிருந்தவர்; மெஷின் இப்போது சுவரோரம் துணி மூடிக் கிடக்கிறது.

இதை எழுதுவதற்காக அவர்களோடு கல்வராயன் மலைக்குப் போயிருந்தேன். வெள்ளிமலையைத் தாண்டி, சாலம்மாள் என்பவரின் மரவள்ளிக் காட்டில் போர் வற்றிவிட்டது. வண்டி போகாத ஏற்றம். முக்காலியை நான் பிடுங்கிக்கொண்டேன். உருளையை ஜூலியா விடவில்லை. பிரிட்டோ துண்டோடு பின்னால் வந்தார். நல்ல மனிதர்தான். ஆனாலும் எனக்குக் கோபமாக வந்தது.

பலாமர நிழலில் பெட்டியைத் திறந்து, அடிவரை பார்த்து முடித்தார். கேமராவை மேலே இழுக்கும்போது கேபிள் பாதியில் நின்றது. ஜூலியா கைப்பிடியை விடாமல் முக்காலியில் சாய்ந்திருந்தார். முகமெல்லாம் வேர்வை. இடது கை தாடையைப் பிடித்திருந்தது.

"என்னம்மா செய்யுது?"

"ஒண்ணுமில்ல சார். மேடு ஏறுனா நெஞ்சுலேந்து தாடை வரைக்கும் இழுத்துப் புடிக்குது. கொஞ்ச நாளா இப்படித்தான்."

"டாக்டர்கிட்ட காட்டுனீங்களா?"

அவர் பலாமரத்துப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அவருகிட்ட சொல்லிடாதீங்க. ஏற்கெனவே பயந்துக்கினு இருக்காரு. இதக் கேட்டா தாங்க மாட்டாரு."

கைப்பிடியைப் பற்றினேன். மர நிழலிலிருந்து குரல் வந்தது.

"இன்னா ஜூலியா, படம் நின்னுபோச்சு?"

"கேபிளு சிக்கிக்கிச்சு. இதோ!"

தாடையிலிருந்த கையை எடுத்து, என் விரல்களைக் கைப்பிடியிலிருந்து ஒவ்வொன்றாக விலக்கிவிட்டு, முகம் தெரியாதபடி அவருக்கு முதுகைக் காட்டி நின்று சுற்றத் தொடங்கினார் ஜூலியா.