துரைசானியின் ஹனிசக்கிள்

ஹனிசக்கிள் என்ற அந்தச் சீமைப் பூங்கொடி எங்கள் வீட்டுக்கு ஒரு மண்ணெண்ணெய்த் தகரத்தில் வந்தது. ரிக்‌ஷாக்காரன் அதை முன்விறாந்தையில் இறக்கிவைத்தபோது மூன்று முழ உயரம் இருந்திருக்கும். கூடவே நான்கு பக்கக் கடிதம் ஒன்று. எழுதியவர் துரைசானி, என் கணவர் கிளாக்கராக வேலை செய்த கந்தோரின் வெள்ளைக்காரத் துரையின் மனைவி. துரையும் அவரும் எட்டு மாத விடுமுறையில் கப்பலேறவிருந்தார்கள். இடைக்காலத்துக்குப் பங்களாவில் வந்து இருக்கப்போகிற இன்னொரு துரையின் மனைவியை நம்பி எந்தப் பூச்செடியையும் விட முடியாதாம்.

"உம்மைப் பற்றி நான்தான் சொன்னனான்," என்றார் கணவர், கோட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டபடி. "கொன்வென்ற்றில படிச்சவ, நல்லா இங்கிலீஷ் வாசிப்பா எண்டு. துரைசானிக்கு நல்ல சந்தோஷம். கடுதாசியில எழுதியிருக்கிறபடி செய்தால் காணும்."

"என்னை ஒரு சொல்லுக் கேட்டிட்டெல்லோ ஓமெண்டிருக்க வேணும்?"

"கேட்டால் நீர் என்ன சொல்லுவீரெண்டு எனக்குத் தெரியாதோ? பயமெண்டுவீர்."

பயம்தான். தேயிலை விலை விழுந்து, கண்டியில் கந்தோர் கந்தோராக ஆட்களை வேலையிலிருந்து நிறுத்திக்கொண்டிருந்த காலம் அது. துரை திரும்பி வந்ததும் நிறுத்துவதற்கு மூன்று கிளாக்கர்மாரின் பெயரை எழுதப்போகிறார் என்று பேச்சு அடிபட்டது. என் கணவர் கடைசியாகச் சேர்ந்தவர்களில் ஒருவர். எங்களுக்கு அம்பிட்டியவில் ஒரு வாடகை வீடு, பிடித்துப் பிடித்து நடக்கத் தொடங்கியிருந்த ஒரு மகள். கொடி செழித்து நின்றால் துரைசானி எங்களுக்காகத் துரையிடம் ஒரு வார்த்தை சொல்வார் என்று அவர் நம்பினார். அவர் நம்பியதால் நானும் நம்பினேன். பட்டுப்போனால் என்ன சொல்வார் என்பதைப் பற்றி இருவருமே வாய் திறக்கவில்லை.

கடிதத்தை மனப்பாடம் ஆகும்வரை வாசித்தேன். வேர் நிழலில் இருக்க வேண்டும், தலை வெயிலில் இருக்க வேண்டும். சவர்க்காரத் தண்ணீர் கூடாது. தூணில் கயிறு கட்டி ஏற்ற வேண்டும், கயிறு தண்டை இறுக்கக் கூடாது. எல்லாம் மாதவாரியாக எழுதப்பட்டிருந்தது. விறாந்தைத் தூணின் அடியில் குழி வெட்டி நட்டேன். அடிமண் சூடேறாதபடி உடைந்த ஓடுகளைச் சுற்றிப் பரப்பினேன். காலையில் மகளுக்குப் பால் கொடுக்குமுன் அதற்குத் தண்ணீர் ஊற்றினேன். இப்படி எழுதும்போது கை கூசுகிறது, ஆனால் நடந்தது அதுதான்.

வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு முஸ்லிம் குடும்பம் இருந்தது. அந்த வீட்டுக்காரருக்குக் கட்டுகஸ்தோட்டையில் பலசரக்குக் கடை. அவருடைய மனைவியை நான் ராத்தா என்று, அவர்கள் மூத்த சகோதரியை அழைப்பதுபோல, அழைத்துவந்தேன். ராத்தா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"என்ன புள்ள இது, தெனம் தண்ணி ஊத்துறீங்க? எலைய ஆஞ்சு சுண்டலாமா?"

"இல்லை ராத்தா. பூவுக்குத்தான்."

"பூவையா சோத்துக்குப் பெசஞ்சு திங்கப் போறீங்க?"

"இதாலதான் நாங்கள் சோறு தின்ன வேண்டியிருக்கு," என்றேன். அவர் சிரித்தார். நான் சொன்னது பகிடி என்று நினைத்திருப்பார்.

மார்ச் மாதம் வந்தது. கடிதத்தில் மார்ச்சுக்கு ஒரே ஒரு வரிதான். குளிர் முடிந்ததும் முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடவும், புதுத் தளிர் வேகமாக வரும். எங்கள் மார்ச்சில் முடிவதற்குக் குளிர் எங்கே இருந்தது? மழையைக் கண்டு ஆறு வாரம். கிணற்றின் அடியில் வாளி தட்டுகிற சத்தம் கேட்டது. முற்றத்துப் புல் கருகிக் கிடந்தது. தவக்காலம் வேறு. வெள்ளிக்கிழமை கோவிலில் முழங்காலில் நிற்கும்போதுகூட அந்த வரியைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். வெட்டாமல் விட்டால் சொன்னதைச் செய்யவில்லை என்றாகிவிடும். வெட்டினால்? கன்னியாஸ்திரிகளிடம் பத்து வருஷம் படித்தவள் நான். எழுத்தில் இருப்பதைக் கேள்வி கேட்பதற்கு அங்கே ஒருவரும் பழக்கவில்லை. தையல் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு தூணடிக்குப் போனேன்.

ராத்தா வேலியடிக்கு ஓடிவந்தார். "அல்லாவே! மண்டையப் பொளக்கிற வெயில் புள்ள. மரம் மட்டையெல்லாம் நோம்பு புடிச்சிட்டு ஈக்குது. இப்பயா கத்தி வெக்கிறது?"

"கடுதாசியில மார்ச் எண்டு கிடக்கு, ராத்தா."

"அந்தக் கடுதாசிக்குக் கண்டி வெயில் தெரியுமா?"

நான் வெட்டினேன். மூன்று நாளில் மீதித் தண்டும் சுருங்கியது. ஒரு கிழமையில் அது நட்டுவைத்த விறகுக்குச்சிபோல் நின்றது. கணவர் வேலையால் வந்ததும் முதலில் தூணைத்தான் பார்ப்பார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் கடிதத்தைக் காட்டிப் பதில் சொல்லியிருப்பேன். சாப்பிடும்போது ஒருநாள் மட்டும், "படிச்சனீர் எண்டுதானே உம்மை நம்பித் தந்தது," என்றார். நான் எழும்பிக் கை கழுவினேன்.

சித்திரை மழை இரண்டு பாட்டம் பெய்த பிறகு, அடியில், ஓட்டுத் துண்டை ஒட்டி ஒரே ஒரு தளிர் வந்தது. பச்சைக்கும் சிவப்புக்கும் நடுவில் ஒரு நிறம். அதைச் சுற்றி ஈர்க்குக் குத்தி வேலி கட்டினேன். கோழி வராமல் கல் எறிந்தேன். ஐந்து நாள் காவல் இருந்தேன். ஆறாவது நாள் அடுப்பில் பால் பொங்கியதால் உள்ளே ஓடினேன். திரும்பி வந்தபோது மகள் விறாந்தையில் தள்ளாடித் தள்ளாடி என்னை நோக்கி வந்துகொண்டிருந்தாள். கையில் அந்தத் தளிர்.

"இந்தா," என்றாள். அவளுக்குத் தெரிந்த நாலைந்து சொற்களில் அது ஒன்று. எனக்குக் கொண்டுவந்து தந்தாள்.

அந்தக் கையிலேயே அடித்தேன். ஒன்றல்ல. எத்தனை என்று எனக்குத் தெரியாது. அதற்குமுன் அவளை நான் அடித்ததில்லை. அவள் உடனே அழவில்லை. வாய் திறந்தபடி மூச்சே இல்லாமல் என்னைப் பார்த்தாள். பிறகு வந்த அழுகையைக் கேட்டு ராத்தா வேலியைச் சுற்றி வந்து, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தன் வீட்டுக்குப் போனார்.

மாலையில் கணவரிடம் சொன்னேன். "மிச்சம் ஏதும் இருக்கோ?" என்றுதான் முதலில் கேட்டார். பிறகுதான், "சின்னப்பிள்ளை, மறந்திடும்," என்றார்.

மறந்துவிடக் கூடாது என்று நினைத்தேன். இனி வரும் தளிர்களும் இப்படிப் போய்விட்டால்? கொன்வென்ற்றில் நடைபாதையில் போகும்போது எதையும் தொடாதபடி இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டுதான் போவோம். அதையே மகளுக்குப் பழக்கினேன். தூணருகே போனால், "கை எங்கை?" என்பேன். அவள் உடனே இரண்டு கைகளையும் பின்னால் கொண்டுபோவாள். அப்படி நின்றால் சமநிலை தவறும். இரண்டு தடவை முகம் குப்புற விழுந்தாள், கை முன்னுக்கு வரவில்லை. அப்போது நான் அதை நல்ல வளர்ப்பு என்று நினைத்தேன். ஒரு மாதத்துக்குப் பிறகு நான் கேட்கவும் தேவைப்படவில்லை.

கொடி பிழைத்தது. வேரிலிருந்து நான்கு தளிர் எழும்பி, பெருமழைக் காலம் முடிவதற்குள் தூணைச் சுற்றி, கூரை விளிம்பைப் பிடித்துவிட்டது. பூ முதல்நாள் வெள்ளையாகவும் மறுநாள் மஞ்சளாகவும் இருந்தது. பொழுது சாய்ந்தால் வீடு முழுக்க வாசம். எனக்குத் தலையிடித்தது.

செப்டெம்பரில் துரை திரும்பினார். அந்தக் கிழமையே மூன்று பேருக்கு வேலைநீக்கக் கடிதம் போனது. என் கணவருக்கு இல்லை. நான்கு பிள்ளைகளின் தகப்பன் ஒருவருக்குப் போனது. "பார்த்தீரோ, கொடி காப்பாற்றிப்போட்டுது," என்றார் கணவர். துரைசானி அதுவரை கொடியைப் பற்றி ஒரு ஆளிடமும் விசாரித்திருக்கவில்லை. அதை நான் சொல்லவில்லை. கொடியைப் பற்றிக் கேட்காமலே துரைசானி துரையிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இன்றுவரை எனக்குத் தெரியாது.

இரண்டு மாதம் கழித்து, ஒரு சனிக்கிழமை பின்னேரம், துரைசானியின் கார் எங்கள் வாசலில் நின்றது. அவர் கொடியைப் பார்த்துக் கைகொட்டினார். மார்ச்சில் வெட்டினீர்களா என்று என் கணவரிடம் கேட்டார். அவர் ஓம் என்றதும் துரைசானி சிரித்தார். அந்த வரியைத் தன் ஊர்ப் புத்தகம் ஒன்றிலிருந்து அப்படியே பார்த்து எழுதியதாகவும், இந்த நாட்டுக்கு அது பொருந்தாதென்று கப்பலில்தான் நினைவுவந்ததாகவும் சொன்னார். வேர் ஆழமாகப் போய்விட்டதால் இனிப் பிடுங்க வேண்டாம், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றார். பங்களாவுக்கு வேறொன்று கொண்டுவந்திருக்கிறாராம்.

புறப்படுமுன் ஒரு பூங்கொத்தைக் கிள்ளி, குனிந்து என் மகளிடம் நீட்டினார். மகள் பூவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

துரைசானி பூவை இன்னும் கிட்ட நீட்டினார். மகள் உதட்டைக் கடித்தபடி அசையாமல் நின்றாள். "வாங்கு பிள்ளை," என்றேன். என் குரலைக் கேட்டதும் அவளுடைய தோள்கள் இன்னும் பின்னுக்குப் போயின.

துரைசானி நிமிர்ந்து என் கணவரிடம் இங்கிலீஷில் ஒரு வரி சொன்னார். கணவர் முகமெல்லாம் மலர்ந்து என் பக்கம் திரும்பினார்.

"பிள்ளையை நல்ல ஒழுக்கமாய் வளர்த்திருக்கிறீராம்," என்றார். துரைசானியும் அதைத்தான் சொன்னார்; அந்த இங்கிலீஷ் எனக்கும் விளங்கும் என்பதை அந்த நேரம் அவர் மறந்துவிட்டார்.