ஆட்டின் பல்சந்து

2025 ஜூலை 17, வியாழக்கிழமை, காலை பத்து நாற்பது. இரவிலிருந்து விடாத மழை. கல்கத்தா பெஹாலாவில் ஒலிப்பதிவுக்கூடத்தின் வாசலில் கணுக்கால் அளவு தண்ணீர். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு மாடி ஏறினேன். படிகள் பதினெட்டு என்பது தெரியும். ஆனாலும் ஒவ்வொரு தடவையும் எண்ணுவேன். அன்று நாக்கு புதுப் பற்களையே தடவிக்கொண்டிருந்ததில் எண்ணிக்கை விட்டுப்போயிற்று.

துறைமுக அலுவலக வேலையில் இருந்தபடியே இங்குள்ள தமிழ் நாடகங்களில் கோமாளி வேஷம் கட்டியவன் நான். செவிட்டுச் சமையல்காரர், கஞ்ச மாமனார் என்று மொத்தம் நாற்பத்தொரு வேஷம். முழங்கால் போன பிறகு மேடை போயிற்று, குரல் மிஞ்சியது. குழந்தைகள் கார்ட்டூன் ஒன்றில் சிடுசிடுக்கிற கிழ ஆடு ஒன்று உண்டு. ஒன்பது வருஷமாகத் தமிழில் அதற்குக் குரல் நான். அது பேசும்போது ‘ச’ வரும் இடமெல்லாம் ஒரு விசில் கிளம்பும். குழந்தைகள் சிரிப்பது அதற்குத்தான். அதில் என் திறமை ஏதும் இல்லை. மேல் முன்பற்கள் இரண்டுக்கும் நடுவில் இருந்த சந்து செய்த வேலை.

ஜூனில் அந்த இரண்டு பற்களும் ஆட ஆரம்பித்தன. பதிவின் நடுவில் ஒன்று கழன்று மைக்கில் போய் விழுந்தால்? இந்தக் கவலையிலேயே தூக்கம் கெட்டது. லேக் மார்க்கெட் பல் டாக்டரிடம் போய் இரண்டையும் எடுத்துவிட்டு, கழற்றி மாட்டும் பல்செட் கட்டிக்கொண்டேன். அவர் பெருமையோடு கண்ணாடியைக் காட்டினார். சந்து அடைபட்டிருந்தது. நானும் அழகாயிருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

முதல் வசனம் பேசியதுமே தெரிந்துவிட்டது. விசில் இல்லை. என் வாயிலிருந்து யாரோ ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் பேசினார். ஒலிப்பதிவாளர் வங்காளி, தமிழ் தெரியாதவர். கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து, “தாது, சாகல் கோத்தாய்?” என்றார். தாத்தா, ஆடு எங்கே?

செட்டைக் கழற்றிவிட்டுப் பேசினேன். வெறும் காற்று வந்தது.

பன்னிரண்டு மணிக்கு இயக்குநர் உள்ளே வந்தாள். கோயம்புத்தூர்ப் பெண், முப்பது வயதிருக்கும். கையில் ஒரு தாள்.

“அங்கிள், கூடம் ஒரு மணி வரைக்கும்தானுங்க நமக்கு. இன்னைக்கே அனுப்பியாகணும். கம்பெனில ஒரு வழி சொல்றாங்க. உங்க பழைய பதிவையெல்லாம் குடுத்தா கம்ப்யூட்டரே ஆடு மாதிரி பேசிருமாமுங்க. இதுல ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும்” என்று தாளை என் கையில் கொடுத்தாள்.

“அப்புறம் நான் என்ன பண்றது?”

“வீட்ல உக்காந்து கேக்கலாங்க” என்றவள், சொன்னதும் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து மனைவி போன் செய்தாள். விஷயத்தைச் சொன்னேன்.

“பல்லைக் கட்டறேன்னு போயி ஆட்டை வெட்டிட்டு வந்தீங்களா? நாப்பது வருஷமா அந்தச் சந்து வழியாத்தான என்னைத் திட்டினீங்க! இப்ப எப்படித் திட்டுவீங்களாம்?”

போனை வைத்துவிட்டு இயக்குநரிடம், “நகம் ராவுற அரம் இருக்காம்மா?” என்று கேட்டேன்.

அவள் கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். என்ன செய்யப்போகிறேன் என்று புரிந்ததும், “ஐயோ, வேண்டாங்க அங்கிள், புதுப் பல்லு!” என்றாள்.

செட்டைக் கைக்குட்டையில் பிடித்து, இரு பற்களுக்கும் நடுவில் அரத்தைச் செருகினேன். நான்கு இழுப்பு. மாட்டி, “சனியனே, சும்மா கிட” என்றேன். தலைமையாசிரியர்தான். இன்னும் நான்கு. ஒரு சிறு சீறல். இங்கே அரத்தை நிறுத்தினேன். ராவியதைத் திரும்ப ஒட்ட முடியாது. ஒரு மயிரிழை கூடினால் வெறும் காற்றுதான், பிறகு அந்தத் தாள்தான். மணி பன்னிரண்டு இருபது. மூச்சைப் பிடித்துக்கொண்டு இரண்டே இரண்டு இழுப்பு.

“சனியனே, சும்மா கிட!”

விசில் கூடத்தை இரண்டாகக் கிழித்தது. ஒலிப்பதிவாளர் ஹெட்போனைக் காதிலிருந்து பிடுங்கிவிட்டுக் கட்டைவிரலை உயர்த்தினார்.

இருபத்து மூன்று வசனங்கள். கடைசி வசனத்தில் ஆடு தன் பேரன்களை விரட்ட வேண்டும். “சட்டியில சோறு இருந்தா சொல்லிட்டுப் போங்கடா!” என்று கத்தி முடித்ததும் வாய்க்குள் ‘டக்’ என்றது. செட் இரண்டாகப் பிளந்து நாக்கில் கிடந்தது.

“அது என்னங்க சத்தம்?”

“கொம்பு முறிஞ்சுடுச்சு” என்றேன், அந்தக் காற்றுக் குரலில். மணி பன்னிரண்டு ஐம்பத்தாறு. தாளைக் கையெழுத்துப் போடாமல் அவளிடமே திருப்பிக் கொடுத்தேன். அவள் மறுபடி நீட்டவில்லை.

புது செட்டைச் சந்து வைத்துக் கட்டித் தரச் சொன்னபோது பல் டாக்டர் என்னை இரண்டு தடவை பார்த்தார். அடைக்கச் சொல்லித்தான் எல்லாரும் வருவார்களாம். சரியான அளவுக்கு மூன்று முறை மாட்டிப் பேசிப் பார்த்தேன். அதற்காக ஐந்நூறு ரூபாய் கூட வாங்கினார்.

இரண்டு பல் எடுத்தது ஆயிரத்து அறுநூறு. முதல் செட் ஐயாயிரத்து இருநூறு. அந்தப் பெண்ணுக்குப் புது அரம் எண்பத்தைந்து. சந்து வைத்த செட் ஐயாயிரத்து எழுநூறு. ஆக மொத்தம் பன்னிரண்டாயிரத்து ஐந்நூற்று எண்பத்தைந்து ரூபாய்.