அக்காவின் லீவும் என் லீவும்

என் தலைப்பிரசவத்துக்கு அம்மா வர முடியவில்லை. அப்பாவைத் தனியாக விட்டுவிட்டு வருவதற்கில்லை என்று சொல்லிவிட்டாள். அப்பாவுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. சமையலறை எந்தப் பக்கம் இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது, அவ்வளவுதான். அம்மாவுக்குப் பதிலாக மேற்கு ஜெர்மனியிலிருந்து அக்கா வந்தாள். எண்பதுகளின் நடுவில் ஒரு கோடை. நாங்கள் அப்போது டெக்சாஸில், பிளானோவில் இருந்தோம்.

அக்கா அங்கே ஒரு ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்த்தாள். ஆறு வயதுப் பெண்ணை அத்தானிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள். ஏர்போர்ட்டிலிருந்து வரும் வழியிலேயே எத்தனை நாள் தங்குவாள் என்று கேட்டேன்.

“ரெண்டு மாசம். இந்த வருஷ லீவு, போன வருஷம் மிச்சம் வெச்சது, எல்லாத்தையும் சேர்த்து எடுத்துட்டேன்.”

“சம்பளம் கட் பண்ண மாட்டாங்களா?”

“லீவுன்னா சம்பளம் வரும். அதுக்குப் பேர்தானடி லீவு?”

காரை ஓட்டிக்கொண்டிருந்த என் கணவர் கண்ணாடியில் அக்காவை ஒரு தரம் பார்த்துக்கொண்டார். அவருக்கு வருஷத்துக்கு இரண்டு வாரம். அந்த வருஷத்தில் அதில் பாதியை அம்மை போட்டுப் படுத்தே தீர்த்திருந்தார்.

என் நிலைமை அதைவிட விசேஷம். நான் வேலை பார்த்த கம்ப்யூட்டர் கம்பெனி பிரசவத்துக்கு ஆறு வாரம் தந்தது. சம்பளம் கிடையாது. ஏழாவது வாரம் என் நாற்காலி காலியாக இருந்தால் வேறு ஒருவர் அதில் உட்கார்ந்துவிடுவார் என்று ஆள் எடுக்கும் பர்சனல் ஆபீஸ் பெண் சிரித்த முகத்தோடு சொல்லியிருந்தாள். அவளைக் குறை சொல்ல முடியாது, எல்லாவற்றையுமே சிரித்த முகத்தோடுதான் சொல்வாள். இந்த ஊருக்கு வந்து இரண்டு வருஷம் வேலை செய்ய அனுமதி இல்லாமல் வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் நான். அந்த நாற்காலியை விடுவதாக இல்லை. ஆறு வாரத்தில் திரும்பிப் போக வேண்டும், பிள்ளையும் நன்றாக இருக்க வேண்டும். எனக்கு அதுதான் கவலை.

கூடவே ஒரு ஆசையும் இருந்தது. நீங்கள் எங்களைவிட நன்றாக இருக்கிறீர்கள் என்று அக்கா வாயால் ஒரு தடவை கேட்டுவிட வேண்டும்.

அதற்காக வந்த அன்றே அபார்ட்மென்டைச் சுற்றிக் காட்டினேன். இரண்டு பெட்ரூம், இரண்டு பாத்ரூம். பீரோ அளவுக்கு பிரிட்ஜ், கதவில் கை வைத்தால் ஐஸ் கொட்டும். அக்கா வீட்டு பிரிட்ஜ் மேஜைக்கு அடியில் அடங்கிவிடும் என்று எனக்குத் தெரியும்.

“இதுல யாரு படுக்கறது?” என்றாள்.

பாத்திரம் கழுவும் மெஷினைக் காட்டினேன். அவளே அதைத் திறந்து பார்த்தாள். உள்ளே பருப்பு டப்பாக்களும் ஊறுகாய் பாட்டில்களும் இருந்தன. அந்தக் காலத்தில் எங்களுக்குத் தெரிந்த தமிழர் வீடுகளில் எல்லாம் அது அலமாரிதான். பாத்திரத்தைக் கையால் கழுவினால்தான் கழுவியது போல இருக்கும். அக்கா அதை மெதுவாக மூடினாள். அவள் ஏதாவது சொல்லியிருந்தால் தேவலை.

மறுநாள் ரொட்டி வாங்கி வருகிறேன் என்று நடந்தே கிளம்பினாள். ஜெர்மனியில் தினமும் நடந்து போய்த்தான் வாங்குவாளாம். பிளானோவில் நடப்பதற்கு நடைபாதை வேண்டும், அது கிடையாது. புல்லில் நடந்துகொண்டிருந்தவளைப் பார்த்து வரிசையாகக் கார்கள் நின்றன. கார் எங்கே ரிப்பேர் ஆனது, எங்கே கொண்டுவிட வேண்டும் என்று கேட்டார்களாம். கடைசியில் யாரோ ஒரு பாட்டியம்மா பிடிவாதமாக ஏற்றிக்கொண்டு வந்து எங்கள் வாசலில் இறக்கிவிட்டுப் போனாள்.

“நல்ல ஜனங்கடி” என்றாள் அக்கா. “ரோடுதான் போட மறந்துட்டாங்க.”

அப்புறம் துணி. வெளியே வெயில் நூறைத் தாண்டிக் கொளுத்தியது. உள்ளே ஏசி. அந்த ஏசிக்கு நடுவே டிரையர் சூடாகச் சுற்றித் துணி காயவைத்தது. இதை அக்கா ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாள். பிறகு ஈரப் புடவைகளை எடுத்துப் போய் பால்கனியில் கட்டிய கொடியில் போட்டாள். காபி ஆறுவதற்குள் காய்ந்துவிட்டன. சாயந்திரம் மேனேஜர் வந்து கதவைத் தட்டினார். பால்கனியில் துணி தொங்கினால் குடியிருப்பின் தரம் குறைந்துவிடும் என்றார், மிகுந்த மரியாதையோடு. அக்காவுக்குப் புரியவில்லையோ என்று நான் தமிழிலும் சொன்னேன். “எது குறையும்?” என்று அக்கா திருப்பித் திருப்பிக் கேட்டாள். கொடியை அவிழ்த்தது நான்தான்.

பிள்ளை பிறந்தாள். பிரசவ வலியில் உயிர் போய்த் திரும்பிய எனக்கு நர்ஸ் ஒரு பெரிய குவளை நிறைய ஐஸ் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அக்கா அதைப் பார்த்த பார்வையில் ஐஸ் உருகியிருக்க வேண்டும்.

“அங்க எனக்கு ஆஸ்பத்திரியிலயே சோம்பு டீ குடுத்தாங்கடி. பால் ஊறும்னு. நம்ம ஊரு பக்குவம் அவங்களுக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னு நானே ஆச்சரியப்பட்டேன். ஒரு வாரத்துக்கு மேல வெச்சுப் பாத்துக்கிட்டாங்க.”

எங்களை மறுநாளே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சக்கர நாற்காலியில் வாசல்வரை தள்ளிக்கொண்டு வந்து, பலூன் ஒன்றைக் கையில் கொடுத்து, வாழ்த்துச் சொல்லி அனுப்பினார்கள். பலூன் மிகப் பெரியது.

வீட்டில் அக்கா ஏசியை அணைத்தாள். பிள்ளை பெற்றவளுக்குக் குளிர் ஆகாது என்று காதில் பஞ்சு வைத்தாள், தலையில் துண்டு கட்டினாள். டெக்சாஸ் கோடையில் ஏசி இல்லாத வீட்டில் பூண்டுக் குழம்பும் சோறுமாக நான் வேர்த்து ஊற்றிக்கொண்டு கிடந்தேன். என் கணவர் ஆபீசில் அதிக நேரம் இருக்க ஆரம்பித்தார். வேலை அதிகம் என்றார், நம்பினோம். ஆனால் அந்த வாரங்களைப் போல நான் பிறகு என்றும் சந்தோஷமாக இருந்ததில்லை. பிள்ளை பசித்தால் அழும், மடியில் போட்டால் நிறுத்தும், நான் அப்படியே தூங்குவேன். அக்கா வந்து பிள்ளையை எடுத்துக்கொள்வாள். அவ்வளவுதான் வாழ்க்கை.

நாலாவது வாரம் பிள்ளையை விட ஆள் தேடினோம். பக்கத்துத் தெருவில் ஒரு அம்மாள் தன் வீட்டிலேயே குழந்தைகளைப் பார்த்துக்கொண்டாள். சுத்தமான வீடு, நல்ல மனுஷி. ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். பாட்டிலில் குடிக்கிற பிள்ளையைத்தான் எடுத்துக்கொள்வாள். குடிக்காமல் நாளெல்லாம் அழுகிற பிள்ளையை வைத்துக்கொண்டு மற்ற குழந்தைகளைக் கவனிக்க முடியாது என்றாள். நியாயம்தான்.

என் பிள்ளை பாட்டிலைத் தொடவில்லை. என் பாலையே கறந்து கொடுத்தோம். கறப்பதற்கு சைக்கிள் ஹார்ன் மாதிரி ரப்பர் உருண்டை வைத்த ஒரு கருவி விற்றார்கள், அதை அமுக்கி அமுக்கிக் கை செத்தது. துப்பினாள். பவுடர் பால் கொடுத்தோம். நாக்கால் தள்ளினாள். என் கணவர் கொடுத்துப் பார்த்தார், அவர் சட்டைதான் குடித்தது.

ஐந்தாவது வாரக் கடைசியில் அக்கா என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தாள்.

“வேலைய விட்டுடேன்டி.”

“முடியாதுக்கா.”

“எனக்கு அரை வருஷம் குடுத்தாங்க. கையில கொஞ்சம் காசும் குடுத்து. திரும்பிப் போனா என் ஸ்டூல் அப்படியே இருந்துச்சு, யாரும் அதுல உட்காரல.”

“இது அந்த ஊரு இல்லக்கா.”

அக்காவாலும் தங்க முடியாது. அவளுடைய லீவும் என்னுடைய லீவும் ஒரே வாரத்தில் முடிகின்றன. அவள் பெண் போனில் அழ ஆரம்பித்திருந்தாள்.

“சரி. நீ வீட்ல இருந்தா அவ குடிக்க மாட்டா. உன் வாசனை தெரியுது அவளுக்கு. நாளையிலேர்ந்து பகல்ல நீ வெளிய இரு.”

ஆறு மாசம் தாய்ப்பால் கொடு, ஒரு வருஷம் கொடு என்று வந்த நாள் முதல் சொல்லிக்கொண்டிருந்தவள் அவள்தான்.

மறுநாள் காலையில் பால் கொடுத்து முடித்ததும் என்னை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினாள். போவதற்கு இடம் இல்லை. கார் நிறுத்தும் இடத்தில் காருக்குள் ஏசியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். ஆறு வாரத்துக்குத் தேவையான சாமான் எல்லாம் வாங்கிப் போட்டிருந்ததால் கடைக்குப் போகக்கூட சாக்கு இல்லை. எங்கள் வீடு மாடியில். ஜன்னல் மூடியிருந்தும் அழுகை கேட்டது, அல்லது கேட்டதாக நினைத்தேன். மேல்சட்டை நனைந்தது. நான் மேலே ஓடினேன். அக்கா கதவைத் திறக்கவில்லை.

“போடி கீழ” என்றாள் உள்ளிருந்து. அவள் குரலும் அழுகிற குரலாக இருந்தது.

அன்றைக்குப் பிள்ளை குடிக்கவில்லை. அடுத்த நாளும் இல்லை. திங்கட்கிழமை வேலையில் சேர வேண்டும், இவள் குடித்தே ஆக வேண்டும். அதே சமயம் அவள் குடிக்காமல் வீம்பாக இருக்கிறாள் என்று கேட்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாகவும் இருந்தது. என் பிள்ளைக்கு நான்தான் வேண்டும். ஊரில் எத்தனை பாட்டில் இருந்தாலும் நான்தான் வேண்டும். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம், மாடியில் சத்தமே இல்லை. வெகுநேரம் அப்படியே இருந்தது. பிறகு கதவு திறந்தது. அக்கா படிக்கட்டின் உச்சியில் வந்து நின்றாள். ஒரு தோளில் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. இன்னொரு கையில் பாட்டில். அதை எனக்குத் தெரியும்படி தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினாள். ஒரு சொட்டுக்கூட விழவில்லை.

நான் ஜெயித்துவிட்டேன். திங்கட்கிழமை என் நாற்காலியில் நான்தான் உட்காருவேன். அக்கா கையை அசைத்து மேலே வா, இனிமேல் வரலாம் என்று கூப்பிட்டாள். நான் தலையாட்டினேன். வருகிறேன் என்று விரலால் ஜாடை காட்டினேன். காரை விட்டு இறங்க முடியவில்லை.