பாங்காக்கில் ஓர் ஒருசந்தி நாள்

சென்ற ஆண்டு மார்ச் மாதம், தாய்லாந்தின் தலைநகரான பாங்காக்கில் நிகழ்ந்தது இது. குமரி மாவட்டத்து இராஜாக்கமங்கலத்தில் மாலைதோறும் ஒரே தேநீர்க் கடையில் கூடும் நண்பர்கள் மூவர், அறுபதைக் கடந்த பிறகாவது ஒருமுறை கடல் தாண்டிவிட வேண்டும் என்று தீர்மானித்து, திருவனந்தபுரத்தில் விமானம் ஏறினோம். ஒரு வாரப் பயணம். நான் இரும்புக் கடை நடத்தியவன். இரண்டாமவர் ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர். மூன்றாமவர் மீன் வியாபாரி; கடற்கரைக் கத்தோலிக்கர்; சர்க்கரை நோய்க்காக நாள்தோறும் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்பவர்.

பயணச்சீட்டுப் பொறுப்பை நடத்துநர் தாமாகவே ஏற்றுக்கொண்டார். ரயிலோ படகோ, எங்கள் இருவரையும் அவ்வப்போது விரலால் சுட்டி எண்ணிக்கொள்வார். இரண்டு பேரை எண்ணுவதற்கு விரல் எதற்கு என்று மீன் வியாபாரி கேலி செய்வார். தொடக்க நாட்கள் இவ்வாறு சிரிப்பிலேயே கழிந்தன.

வெள்ளிக்கிழமை வந்தது. விடுதியில் காலை உணவு எதையும் மீன் வியாபாரி தொடவில்லை. வயிறு சரியில்லை என்றார். ஆற்றில் ஓடும் பயணிகள் படகில் ஏறியதும் என் பையிலிருந்த பிஸ்கட்டை நீட்டினேன். அப்போதுதான் உண்மையைச் சொன்னார். தவக்காலத்து வெள்ளியாதலால் தாம் ஒருசந்தி நோன்பு இருப்பதாகவும், பிற்பகல் மூன்று மணி வரை உணவோ தண்ணீரோ கிடையாது என்றும் கூறினார். நான் வேறு திருச்சபையைச் சேர்ந்தவன். நோன்பு குறித்து எங்களுக்குள் விளையாட்டுச் சண்டை எப்போதும் உண்டு. மோட்சத்துக்கு உமக்கு மட்டும் முன்பதிவா என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, காற்று வரும் இடம் தேடிப் படகின் பின்பக்கம் போய் நின்றார்.

கூட்டம் மிகுதியாக இருந்தது. சில படகுத்துறைகளைக் கடந்தபின் நடத்துநர் வழக்கம்போல விரலை நீட்டினார். அந்த விரல் என்னைச் சுட்டிவிட்டு, அடுத்துச் செல்ல இடமின்றி நின்றது.

"மக்கா, அவன் எங்க?" என்றார்.

படகு முழுவதும் தேடினோம். நடத்துநர் அவருடைய கைபேசிக்கு அழைத்தார். அது என் இடுப்பருகே ஒலித்தது. என் இடுப்புப் பை பூட்டு வைத்தது என்பதால், கைபேசி, சர்க்கரை இறங்கினால் வாயில் போடும் மிட்டாய்ப் பொட்டலம் எல்லாவற்றையும் காலையிலேயே அவர் என்னிடம் ஒப்படைத்திருந்தார்.

நடத்துநரின் குரல் தாழ்ந்தது. "காலையில ஊசி போட்டானே மக்கா, நான் கண்ணால பாத்தேன். ஏதாவது தின்னானா, நீ பாத்தியா?"

பிஸ்கட்டைக்கூட வாங்கவில்லை என்றேன். ஊசி போட்ட பின் உணவு தாமதமானால் என்ன நேரும் என்பதை நாங்கள் நேரில் கண்டவர்கள். முந்தைய ஆண்டு தேநீர்க் கடையிலேயே கண் செருகிச் சாய்ந்தவர் அவர். கடைக்காரர் நாக்கில் வைத்த சர்க்கரைதான் அன்று அவரை மீட்டது. மொழி தெரியாத இந்தப் பெருநகரில், கொளுத்தும் வெயிலில், யார் வைப்பார்கள்?

அடுத்த துறையில் இறங்கினோம். எங்கே தேடுவது என்று புரியவில்லை. "சர்வீசு முழுக்க ஒரு ஆள வழியில விட்டதில்ல, கேட்டியா" என்று நடத்துநர் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். அப்போதுதான் எனக்கு முதல் நாள் படகுப் பயணம் நினைவுக்கு வந்தது. கரையோரம் சிலுவை தாங்கிய ஒரு குவிமாடத்தைக் கண்டு, "அங்க பாரு, குருசு" என்று தொப்பியைக் கழற்றி வணங்கினார் அவர். இறங்கலாமா என்றும் கேட்டார். அரண்மனை பார்க்கும் அவசரத்தில், இன்னொரு நாள் பார்க்கலாம் என்று நாங்கள் சொல்லிவிட்டோம்.

திரும்பும் படகு ஒவ்வொரு துறையிலும் கயிறு கட்டி, ஆளை இறக்கி, ஆளை ஏற்றி, மெல்ல நகர்ந்தது. குவிமாடம் தென்பட்டதும் நெரிசலை விலக்கி இறங்கி ஓடினோம். தேவாலய வாசலருகே ஒரு தின்பண்டக் கடை. கடையில் ஆள் இல்லை. அடுப்பில் சிறு கேக்குகள் கருகிப் புகைந்துகொண்டிருந்தன. தேவாலயப் படியில் ஒரே ஒரு சோடிச் செருப்பு. அந்தத் தேவாலயத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகும் வழக்கம் இல்லை போலும். எங்கள் கடற்கரை வழக்கப்படி கழற்றி வைத்தவர் எங்கள் நண்பர்தான். உள்ளே ஓடினேன். வரிசை வரிசையாக இருக்கைகள், ஒருவரும் இல்லை. என் வாழ்வில் அத்தனை வெறுமையான இடத்தை நான் கண்டதில்லை.

வெளியே நடத்துநர் கூப்பிட்டார். பக்கவாட்டு நிழலில், ஒரு பெஞ்சில், சட்டை முழுதும் வியர்வையில் நனைய, கையில் செபமாலையுடன் நண்பர் சாய்ந்திருந்தார். அருகில் முதிய பாதிரியார் ஒருவர். இடுப்பில் கட்டிய சமையல் துணியில் அடுப்புக்கரி படிய நின்ற தின்பண்டக் கடைப் பெண்மணியின் கையில் பாதி காலியான சர்க்கரைத் தண்ணீர்க் கிளாஸ்.

பாதிரியார் எளிய ஆங்கிலத்தில் நடந்ததைச் சொன்னார். படியில் தள்ளாடி அமர்ந்தவருக்கு அப்பெண்மணி முதலில் கேக்கைக் கொடுத்திருக்கிறார், பிறகு தண்ணீரை. இவர் வாயை இறுக மூடிக்கொண்டு, செபமாலையை உயர்த்திச் சிலுவையைக் காட்டியிருக்கிறார். அப்பெண்மணியும் கத்தோலிக்கர். தவக்கால நோன்பு என்று ஒரு நொடியில் புரிந்துகொண்டு, கடையை அப்படியே போட்டுவிட்டுப் பாதிரியாரை அழைக்க ஓடியிருக்கிறார்.

நண்பருக்குப் பேச்சு திரும்பியது. இறங்கும்போது கை காட்டியதாகவும், நாங்கள் பார்த்துவிட்டதாக நினைத்ததாகவும் சொன்னார். நடத்துநரின் பயம் கோபமாக மாறியது.

"நம்மூரு பங்குச் சாமியாரு வருசா வருசம் சொல்லுதாரே, சீக்குக்காரனுக்கு ஒருசந்தி வேண்டாம்னு. அத என்னைக்காவது கேட்டியா நீ?"

"இவரு என்ன சொன்னாருன்னே தெரியல மக்கா," என்றார் நண்பர், பாதிரியாரைக் காட்டி மெதுவாக. "கிளாசு மேல குருசு வரஞ்சி நீட்டினாரு. பின்ன எப்படி வேண்டாம்ங்க?"

நடத்துநர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, விரலை நீட்டி எங்கள் இருவரையும் எண்ணினார்.

கருகிய கேக்குகளை அப்பெண்மணி சிரித்தபடி குப்பையில் கொட்டினார். ஈடாக எதையும் வாங்கிக்கொள்ளவில்லை. அவருடைய பெயரைக்கூடக் கேட்காமல் வந்துவிட்டோம்.

நண்பரின் நோன்பை நான் கேலி செய்தேன். அப்பெண்மணி அதை மதித்தார், மதித்தே அதை முடித்து வைக்கும் வழியையும் கண்டார். இன்று யாரேனும் என் சொல்லைக் கேளாதபோது அந்தக் கருகல் வாசனை எனக்கு நினைவில் எழுகிறது. குரலை உயர்த்தாமல், இவர் யாருடைய சொல்லைக் கேட்பார் என்று யோசிக்கத் தொடங்குகிறேன்.