கடைமடை மேசைக்கு வந்த சார்ஜ்

சார்ஜர் சூடேறினால் ஒரு வாசனை வரும், கவனித்திருக்கிறீர்களா? பிளாஸ்டிக் வாளியை வெயிலில் மறந்து வைத்துவிட்டால் வருமே, கிட்டத்தட்ட அது. நேற்று என் புது லேப்டாப் திரையில் ஒரு செய்தி காட்டியது. எந்நேரமும் ஒயரிலேயே கிடக்கிறதாம், பேட்டரி கெடாமலிருக்க எண்பது சதவீதத்தோடு போதும் என்று நிறுத்திக்கொள்கிறதாம். சாப்பாட்டில் எனக்கில்லாத அடக்கம் அதற்கு இருக்கிறது. அந்தச் சூட்டு வாசனை மூக்கில் ஏறியதும் நினைப்பில் நேரே பழைய கீழவாஞ்சூர் ஆபீசுக்குள் போய் நின்றேன்.

அது என் முதல் வேலை. துறைமுகத்துக்கு வரும் நிலக்கரியை லாரியில் ஏற்றி அனுப்பும் சின்ன ஏஜென்சி. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனால் மதியத்துக்குள் அது சாம்பல் சட்டை. ஒரே நீள அறை, வரிசையாக ஐந்து மேசை. சுவரில் இருந்த ஒரே பிளக் மேனேஜர் மேசைக்குப் பக்கத்தில். அங்கிருந்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸோடு எக்ஸ்டென்ஷன் பாக்ஸாகக் கோத்து, கடைசி மேசையான என்னிடம் கரண்ட் வந்து சேரும். ஆறு மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் என்று சொல்லி என்னைச் சேர்த்திருந்தார்கள். ஆறாவது மாதம் நடந்துகொண்டிருந்தது. அப்பாவோ, நிரந்தரமே ஆகிவிட்டதாக ஊரெல்லாம் சொல்லி முடித்திருந்தார்.

அங்கே லேப்டாப்புகள் வாங்கிய நாளிலிருந்து ஒயரைப் பிரிந்ததில்லை. ஒருநாள், கணக்கு பார்க்கும் பன்னீர் அண்ணனுடையது வயிறு உப்பி மேசைமேல் ஆட ஆரம்பித்தது. ஓர் எழுத்தைத் தட்டினால் இந்தப் பக்கம் சாயும், அடுத்ததைத் தட்டினால் அந்தப் பக்கம். தாலாட்டுப் பாடாததுதான் குறை. ரிப்பேர் கடைக்காரர் வந்து, பேட்டரி ஊதிவிட்டது, இனி வைத்திருப்பது ஆபத்து என்று கழற்றி எடுத்துப்போனார்.

மேனேஜருக்குச் சொந்த ஊர் சுரக்குடி. உட்கார்ந்திருப்பது நாற்காலியில் என்றாலும் மனசு வயலில்தான். உப்பிய பேட்டரியை எட்டி நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்:

"தண்ணி கட்டியே கெடந்தா பயிரே அழுவிப் போவும். இது மட்டும் தாங்குமா? காய்ச்சலும் பாய்ச்சலுமா வுடணும்ங்க."

காயவிட்டுக் காயவிட்டுப் பாய்ச்ச வேண்டும், எந்நேரமும் நிரப்பியே வைக்கக் கூடாது என்பதில் தப்பில்லை. அத்தோடு விட்டிருக்கலாம். மறுநாளே ஆபீசில் முறை வைத்துப் பாய்ச்சுவது அமலுக்கு வந்துவிட்டது. ஒரு நேரத்தில் ஒரு மேசைக்குத்தான் சார்ஜ். தலைமடையான அவருக்கு முதலில், கடைமடையான எனக்குக் கடைசியில். கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்று வருஷா வருஷம் புலம்பும் மாவட்டத்தில், கரண்டுக்கும் நான் புலம்ப வேண்டியதாயிற்று.

எல்லாம் கிழட்டுப் பேட்டரிகள். ஒயரை உருவினால் ஒரு டீ குடிக்கும் நேரம்தான் உயிர். சிக்கனத்துக்காகத் திரை வெளிச்சத்தைக் குறைத்துக் குறைத்து, கடைசியில் தலையோடு துண்டைப் போர்த்திக்கொண்டுதான் எழுத்தே தெரிந்தது. பில் வாங்க வந்த டிரைவர் ஒருவர், ஆபீசே சளி பிடித்து ஆவி பிடிக்கிறது என்று நினைத்து வெளியிலேயே நின்றுகொண்டார். பேட்டரியே இல்லாத பன்னீர் அண்ணன் பாவம், முறை வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பொறுக்க முடியாமல் மேசைக்கடியில் திருட்டு ஒயர் போட்டார். பிடிபட்டார். "மடைய ஒடைச்சிட்டாரு!" என்று மேனேஜர் போட்ட சத்தத்தில் வாட்ச்மேன் கம்போடு ஓடிவந்தார். அன்றிலிருந்து அவருக்கு வாசல் காவல் போய் பிளக் காவல்.

மறுநாள் உள்ளே போகவேண்டிய லாரிகளின் பட்டியலைச் சாயங்காலத்துக்குள் துறைமுகத்துக்கு அனுப்புவது என் பொறுப்பு. அனுப்பாவிட்டால் லாரிகள் கேட்டுக்கு வெளியே நிற்கும், நான் வீட்டில் நிற்பேன். ஒருநாள் என் முறையில் கரண்ட் போய்விட்டது. கரண்ட் இல்லாவிட்டாலும் முறை மட்டும் நிற்காமல் நடக்கும். திரும்பி வந்தபோது அடுத்த சுற்றே பக்கத்து மேசை வசந்தி அக்கா வரை வந்திருந்தது; அது முடிந்து என் முறை வருவதற்குள் சாயங்காலம் போய்விடும். என் லேப்டாப் எப்போதோ அணைந்துவிட்டது.

"சார், பட்டியல் அனுப்பணும் சார்..."

"மொற போனா போனதுதான் தம்பி. வயல்லயும் அப்படித்தான்."

வசந்தி அக்கா எனக்கு முந்திய மேசை. குரும்பகரத்திலிருந்து வந்து பில் அடிப்பவர். அன்றைய பில்லை முடித்தால்தான் அவருக்கு பஸ் கிடைக்கும். அவர் சட்டென்று தன் சார்ஜரை உருவினார்.

"இந்தா தம்பி, என் தண்ணிய நீ எடுத்துக்க. நான் அப்பறமா அடிச்சுக்கறேன்."

"பஸ்ஸு போயிரும்க்கா."

"போவட்டும். பஸ்ஸு நாளைக்கும் வரும். வேல வருமா?"

மேனேஜர் பிளக் காவலிலிருந்த வாட்ச்மேனைப் பார்த்து, விடு என்று கையைக் காட்டினார். தன் முறையை ஒருவர் இன்னொருவருக்கு விட்டுக்கொடுத்தால் கேள்வி கேட்க அவர் ஊர் வழக்கத்தில் இடமில்லை போலிருக்கிறது. பட்டியல் போய்ச் சேர்ந்தது. பஸ்ஸைத் தவறவிட்ட அக்கா, அந்தப் பக்கம் போன எங்கள் நிலக்கரி லாரியில் ஏறி ஊர் போனார்.

"வீட்டுக்காரருக்கே அடையாளம் தெரியல தம்பி. யாரு வேணும்னு கேக்குறாரு!" என்று மறுநாள் விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். அந்த மாதமே என் வேலை நிரந்தரமானது.

பிறகு புது ஆபீஸ் வந்தது. புது லேப்டாப், ஆளுக்கொரு பிளக், ஆளுக்கொரு கண்ணாடித் தடுப்பு. முறை ஒழிந்தது, சண்டை ஒழிந்தது, துண்டு போர்த்திய தலைகளும் ஒழிந்தன. யாரிடமும் யாரும் எதையும் கேட்கவேண்டியிருக்கவில்லை. வசந்தி அக்கா வேலையை விட்டு நின்றதே, பல நாள் கழித்து வாட்ச்மேன் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. தடுப்புக்கு அந்தப் பக்கம் அவர் நாற்காலி அத்தனை நாளும் காலியாகக் கிடந்திருக்கிறது. இந்தப் பக்கம் நான் முழு சார்ஜோடு உட்கார்ந்திருந்தேன்.