கலைமதி குதித்த கிணறு

எங்கள் பக்கத்தில் ஒரு பெண் கிணற்றில் குதித்தால் ஊர் ஒன்றைத்தான் நினைக்கும். என் அக்கா மகள் கலைமதி குதித்தபோதும் அதைத்தான் நினைத்தது.

கலைமதிக்கு வேலை அந்தமானில், நீல் தீவில். சுற்றுலா வருகிறவர்களைப் படகில் கூட்டிப்போய், நீச்சல் கண்ணாடியும் மூச்சுவிடும் குழாயும் மாட்டிவிட்டு, கையைப் பிடித்துக் கடலில் மிதக்கவைத்துப் பவளப்பாறைகளைக் காட்டுவாள். மாலையில் கயாக் என்கிற சின்னத் துடுப்புப் படகு ஓட்டக் கற்றுக்கொடுப்பாள். முதலில் ஓட்டலில் அறை கூட்டத்தான் போனாள். லீவு நாளில் அவள் நீந்துவதைப் பார்த்த படகுக்காரர் ஒருவர் பயிற்சிக்கு அனுப்பினார்.

அந்த நீச்சல் எங்கள் ஊரான தொண்டூரில், எங்கள் நிலத்துக் கிணற்றில் கற்றது. முதுகில் காலி எண்ணெய்க் கேனைக் கட்டித் தள்ளிவிட்டவர் அவளுடைய நைனா, என் அக்கா புருஷன். கொஞ்ச நாளில் மோட்டார் ரூம் கூரையிலிருந்து தலைகீழாகப் பாய ஆரம்பித்துவிட்டாள். வயதுக்கு வந்ததும் அதை நிறுத்திவிட்டார்கள். பையன்கள் மட்டும் பொழுதுக்கும் குதித்துக்கொண்டிருந்தார்கள். என்னையும் ஒரு காலத்தில் இப்படித்தான் நிறுத்தினார்கள். இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

போன ஆவணியில், தீவில் மழைக்காலம் என்று லீவில் வந்தாள். அக்கா லட்சுமியம்மாள் மாப்பிள்ளை பார்த்து வைத்திருந்தாள். விமல்ராஜ், செஞ்சி பஜாரில் செல்போன் கடை. பெண் ஓட்டலில் கணக்கு எழுதுகிறாள் என்று அக்கா அவர்களிடம் அளந்துவிட்டிருந்தாள்.

பெண் பார்த்த கையோடு நிலத்தையும் பார்த்துவிடலாம் என்று எல்லோரும் கிணற்றடிக்கு வந்தார்கள். விமல்ராஜின் அம்மா ஜெயம் கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டுக் கலைமதியிடம் திரும்பினாள்.

"ஓட்டல்ல கணக்கு எழுதறியாமே?"

"இல்ல அத்தே. கடலுக்குள்ள ஆளுங்கள கூட்டிக்கினு போறேன்."

"ஆம்பளைங்களையுமா?"

"பயப்படறவங்க எல்லாரையும்."

"கையப் புடிச்சிக்கினா?"

"புடிக்கலன்னா தண்ணி குடிச்சிடுவாங்க."

ஜெயத்தின் முகம் கடுகடுத்தது. "கண்டவன் கையப் புடிக்கிற வேலை நம்ம குடும்பத்துக்கு ஆவாது. அத வுட்டாத்தான் கல்யாணம்."

"வுட்டுடுவா," என்றாள் அக்கா அவசரமாக.

"வுடமாட்டேன்," என்றாள் கலைமதி.

"வாய மூடுடி! பொம்பளைக்குத் தண்ணியில இன்னா வேலை?" என்று அக்கா அதட்டினாள்.

கலைமதி செல்போனையும் சங்கிலியையும் என் கையில் திணித்தாள். பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகினாள். குதித்துவிட்டாள்.

"ஐயோ, எம் பொண்ணு போயிட்டாளே!" என்று அக்கா மாரில் அடித்துக்கொண்டாள். மணிலாக் கொல்லையில் கடலைச் செடிக்குக் களை எடுத்துக்கொண்டிருந்தவர்கள் கயிறும் கையுமாக ஓடிவந்தார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு முட்டியது. விஷயத்தைச் சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள், விமல்ராஜ் அவளைக் காப்பாற்ற சட்டையோடு பாய்ந்துவிட்டான். நல்ல பையன்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவனுக்கு நீச்சல் தெரியாது.

மல்லாந்து மிதந்துகொண்டிருந்த கலைமதி, "இன்னா இம்மாங் கூட்டம்?" என்று மேலே பார்த்துக் கேட்டாள். பக்கத்தில் விமல்ராஜ் மூழ்கிக்கொண்டிருந்தான்.

"கையப் புடிம்மா! எம் புள்ள கையப் புடி!"

ஜெயம் போட்ட சத்தம் செஞ்சிக் கோட்டை ராஜகிரி உச்சிக்கே கேட்டிருக்கும்.

கலைமதி எட்டி அவன் கையைப் பிடித்தாள். அவனை மல்லாத்தித் தலையைத் தோளில் தாங்கிக்கொண்டாள். "ஒதைக்காதீங்க. வானத்தப் பாருங்க. நான் இருக்கறேன்," என்று தீவுக்கு வருகிறவர்களிடம் பேசுகிற அதே நிதானத்தில் பேசிப் படிக்கட்டில் கொண்டுவந்து சேர்த்தாள். அவன் உட்கார்ந்து இருமினான். ஜெயம் முந்தானையால் மகன் தலையைத் துவட்டினாள். கண்டவன் கையைப் பற்றி அதற்கப்புறம் ஒரு பேச்சும் வரவில்லை.

இனியும் வராது என்று நான்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். மறுவாரம் தரகர் வந்தார். "பொண்ண ரொம்பப் புடிச்சிருக்குதாம். அந்த வேலைய மட்டும் வுட்டுடச் சொல்றாங்க."

புடி புடி என்று கத்திய வாய்தானே அது! எனக்கு வந்த ஆத்திரத்தில் தரகருக்கு வைத்த காபியை உள்ளே எடுத்துக்கொண்டு போய்விட்டேன். அக்கா, மகளைக் கெஞ்சுகிற மாதிரி பார்த்தாள். தீவுக்குக் கிளம்பப் பையை அடுக்கிக்கொண்டிருந்த கலைமதி நிமிரவே இல்லை.

"மாப்பிள்ளைய மொதல்ல நீச்சல் கத்துக்கச் சொல்லுங்க. நீல் தீவுக்கு வந்தா நானே கத்துத் தரேன். கையப் புடிச்சித்தான் கத்துத் தருவேன். அதையும் அவங்க அம்மாகிட்ட சொல்லிடுங்க."